ஓரம் மடித்த கண்ணாடித் துணி

படகுத் துறையில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. படகுகளின் மெத்தை உறைகளையும் கிழிந்த பாய்களையும் முப்பது வருடம் தைத்துக் கொடுத்தவள். கணவர் போன மறுவருடம், வெளியூருக்கு வீடு மாற்றிய வாடிக்கையாளர் ஒருவர் தன் பழைய ஃபைபர் பாய்மரப் படகை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். “வெட்டிப் போட மனசு வரலக்கா, நீங்களே வச்சுக்கோங்க.”

அவளும் வைத்துக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதில் பாய் விரிக்கக் கற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரத்து விளக்குக் கம்பம் வரை போவாள், திரும்பி வருவாள். கூட யாரும் போனதில்லை.

அவள் இறந்து ஐந்து வாரம் கழித்து மகன் வந்தான். வெளியூரில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். விரிசல் எங்கே, எவ்வளவு நீளம், வளர்கிறதா நின்றுவிட்டதா என்று எழுதுவதுதான் அவனுக்குச் சோறு போடும் வேலை.

யார்டு மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. “வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு சார். பாஸ் பண்ணா தண்ணில இறக்கிடலாம். இல்லாட்டி திங்கக்கிழமை ரம்பம்தான். தப்பா நினைக்காதீங்க, படகு நிக்கிற ஸ்டாண்டு எனக்கு வேணும்.”

மகன் ஒரு வார லீவு கேட்டான். அவள் இருந்தவரை கிடைக்காத லீவு, ஒரே மின்னஞ்சலில் கிடைத்தது.

படகு இரும்புக் கால்களின் மேல் நின்றது. உள்ளே இரண்டு படுக்கைகள். ஒன்றின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. இன்னொன்றின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அவன் அதைப் பார்க்காததுபோல் தரைப்பலகையைத் தூக்கினான்.

விரிசல் அடியில் இருந்தது. படகு கவிழாமல் காக்கும் ஈயக் கட்டை அடிப்பாகத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதன் பின் முனையை ஒட்டி, பதினோரு அங்குலம். மேல்பூச்சு வெடிப்பல்ல, உடம்பிலேயே விழுந்தது. அம்மா இரண்டு வருடத்துக்கு முன் அங்கே கண்ணாடி இழைத் துணியை ரெசின் பசையில் நனைத்து ஒட்டியிருந்தாள். ஸ்பேனர் பிடியால் தட்டிக்கொண்டே போனான். டக், டக், டக். ஒட்டின் ஓரத்தில் உள்ளே வெற்றிடம்போல் பொத்தென்றது. நான்கு ஓரத்திலும் அப்படியே. புது விரிசல் சரியாக அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடியிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தான். துணியின் ஓரங்கள் அரை அங்குலம் உள்ளே மடிக்கப்பட்டிருந்தன. கைக்குட்டைக்கு மடிப்பதுபோல, ஒரு நூல்கூட வெளியே தெரியாமல். மூன்று அடுக்கும் ஒரே அளவு, ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக. தையலில் அது சுத்தமான வேலை. படகில் அதுவே எமன். மடிப்புக்குள் ரெசின் இறங்காது, காற்று தங்கிவிடும். மூன்றும் ஒரே கோட்டில் முடிந்தால் படகு அந்தக் கோட்டில்தான் ஒடியும்.

ஃபோனை எடுத்துப் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனான். ஒட்டுப் போட்ட அன்றே அதைப் படமெடுத்து அவள் அவனுக்கு அனுப்பியிருந்தாள். “சரியா இருக்காடா?” என்று கீழே. மடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் பதில்: “சூப்பர்மா.”

பக்கத்துப் படகிலிருந்து வெல்டர் தலையை நீட்டினார். “என்ன தம்பி, முழிச்சிட்டே இருக்கீங்க?”

“எல்லாத்தையும் தேய்ச்சு எடுக்கணும்ணே.”

“அக்கா போட்டதையா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “நான் அப்பவே கிண்டல் பண்ணேன். என்னக்கா, படகுக்கு ஓரம் அடிக்கிறீங்க, அப்படியே பட்டனும் வச்சிருங்கன்னு. போடா, உன் வெல்டிங்க விட என் தையல் நிக்கும்னு சொல்லுச்சு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

புதன்கிழமை முழுக்க கிரைண்டர் ஓடியது. வெள்ளைத் தூள் கண் இமைவரை ஏறியது, கழுத்தெல்லாம் அரித்தது. இரண்டாவது அடுக்குக்கு அடியில், உறைந்த ரெசினுக்குள், பென்சில் எழுத்து தெரிந்தது: “11 × 7. மடிப்புக்கு ½.” அவள் கையெழுத்துதான். கிரைண்டரை அணைத்தான். வாளித் தண்ணீரில் முகம் கழுவினான். மறுபடி போட்டான். எழுத்து போக நான்கு விநாடி ஆயிற்று.

விரிசலின் இரு பக்கமும் நீளச் சரிவாகச் செதுக்கினான். வியாழக்கிழமை துணி வெட்டினான். ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட அகலம், ஓரம் மடிக்காமல். ரெசினைக் கலந்தான். துணியின் ஒரு முனையைப் பொருத்தும்போது மறுமுனை சரிந்தது. அதைப் பிடித்தால் வெட்டிய ஓரத்து இழைகள் பிரிந்து பிசுபிசுத்த கையுறையில் ஒட்டிக்கொண்டு வந்தன. ரோலரை எடுத்தால் துணியும் கூடவே எழுந்தது. துணி கந்தலாயிற்று. அதற்குள் கப்பில் ரெசின் இறுகத் தொடங்கி, சூடேறிப் புகைந்தது. தூக்கிப் போட்டான். அடுத்த கலவைக்கும் அதே கதிதான்.

மூன்றாவது துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். மடித்துவிட்டால் பிரியாது. மடித்துவிட்டால் ஒற்றை ஆளே போட்டுவிடலாம்.

“அண்ணே,” என்று கூப்பிட்டான். “ஒரு முனையப் பிடிக்கிறீங்களா?”

வெல்டர் ஏணியில் ஏறி வந்தார். அவர் பிடித்தார், இவன் ரோலரால் காற்றைத் தள்ளினான். ஐந்து அடுக்கும் அரை மணியில் முடிந்தன.

“அம்மா உங்களக் கூப்பிடலயாண்ணே?”

“நானேதான் கேட்டேன். கை கொடுக்கட்டாக்கான்னு. வேணாம், பையன் வருவான், அவன் பிடிச்சுக்குவான்னுச்சு.” வெல்டர் கையுறையைக் கழற்றினார். “அந்த வருசம் பூரா அதயேதான் சொல்லிட்டிருந்துச்சு.”

 மகன் கப்பைத் துடைத்தான். அது துடைத்துப் பயன்படுத்தும் கப் அல்ல.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் சின்னச் சுத்தியலோடு வந்தார். தட்டிக்கொண்டே போய் ஓரங்களில் இரண்டு தடவை தட்டினார். எங்கும் ஒரே சத்தம். “நல்ல வேலை,” என்று முத்திரைச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார். திங்கட்கிழமை ரம்பம் வராது என்று மேனேஜர் கையை உயர்த்திக் காட்டினார்.

எல்லோரும் போனபின் அவன் உள்ளே இறங்கினான். இரண்டாவது மெத்தையின் பிளாஸ்டிக்கைப் பிரித்தான். உறையின் ஓரத் தையல் கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. அதில் உட்கார்ந்தான். எதிரே குழிந்த மெத்தை.

இவனுடையது புதுப் பஞ்சு. அமுங்கவே இல்லை.