அபியோ ஒட்டிய போன்

ம்பீட்டா ஏரிக்கரையில் போன் ரிப்பேர் பார்க்கும் ஒரே பெண் அபியோ. என் மீன் பொரிக்கும் அடுப்புக்குப் பக்கத்துக் கடை அவளுடையது. வேலையில் கெட்டிக்காரி, பேச்சில் கஞ்சம். அந்தக் கஞ்சத்தனம் ஒருநாள் அவளைப் படாதபாடு படுத்தியது.

எங்கள் மீனவர்கள், ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் ஆணுறையை வேறு எதற்குப் பயன்படுத்துகிறார்களோ இல்லையோ, போனுக்கு மாட்டி முடிச்சுப் போடாமல் படகேற மாட்டார்கள். ஒடோங்கோ மட்டும் பகட்டுக்காரன். அபியோவோடு இரட்டையாகப் பிறந்தவன், ஐந்து நிமிஷம் இளையவன். தண்ணீர் புகாத போன் வாங்கினான். பேட்டரி வீங்கியது. அபியோ போனின் முதுகைத் திறந்து பேட்டரியை மாற்றி, கையிலிருந்த பசையால் ஒட்டினாள். கம்பெனி வைத்த ஒட்டு ஒருமுறை பிரிந்தால் பிரிந்ததுதான், அப்புறம் தண்ணீர் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் என் பாத்திரத் தண்ணீரில் போனை முக்கி எடுத்துவிட்டான். அது வேலை செய்து தொலைத்தது.

"பாத்தீங்களா? எங்க அக்கா கைபட்டா போனும் நீந்தும்! இனிமே எனக்கெதுக்கு ரப்பர் சட்டை?"

"அது வேணாம்னுதானேடா உனக்கு வீட்ல ஆறு புள்ள," என்றேன். கரையே சிரித்தது. அன்றைக்கே மூன்று பேர் தங்களுடையதையும் அப்படி ஒட்டித்தரச் சொல்லி அவளிடம் போன் கொடுத்தார்கள். அபியோ வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம், நடுப்பகலில் ஏரியில் காற்று சுழன்றது. எல்லாப் படகும் வந்துவிட்டன, ஒடோங்கோ போன படகைத் தவிர. அபியோ அவனை அழைத்தாள். போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தாள். அப்போதும் அதே கதைதான்.

"டவர் கிடைச்சிருக்காதுடி," என்றேன்.

"இல்ல சித்தி, தண்ணி பூந்திருச்சு. தாங்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சும்மா இருந்துட்டேன்."

சட்டியில் மீன் கருகியதைக்கூட நான் பார்க்கவில்லை. அவளை நாலு திட்டுத் திட்டலாம் போலிருந்தது. ஆனால் அன்றைக்குக் கரையைச் சிரிக்கவைத்தவள் நான்தானே.

இரண்டு மணிக்குக் கரைத் தலைவரின் போன் அடித்தது. அதே படகில் போன கிழவர் ஒலுவோச், தன் பழைய பட்டன் போனிலிருந்து பேசினார். இன்ஜின் நின்றுவிட்டது, படகில் தண்ணீர் ஏறுகிறது என்றார். தண்ணீரை இறைத்து மரத்துப்போன விரல்களால் போனுக்கு மாட்டிய அந்த ரப்பர் முடிச்சை அவிழ்க்கவே அரைமணி ஆயிற்றாம்.

இரண்டு படகுகள் விரைந்தன. நாலு மணிக்கு எல்லோரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். ஒடோங்கோ தொப்பலாக நனைந்து நேரே அக்காவிடம் வந்தான். பக்கத்தில் நின்றதால் அவன் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

"அக்கா, போன் செத்துப்போச்சு. கரையிலயே மறந்துட்டேன்னு படகுல இருந்தவங்ககிட்ட சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லு. இல்லேன்னா உன் தொழில் கெட்டுடும்."

அபியோ ஓவென்று அழுதாள். பிறகு அவன் பையில் கையை விட்டுப் போனை எடுத்து, கூட்டத்துக்கு முன்னால் உயரப் பிடித்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இது நான் ஒட்டுனது. என்கிட்ட போன் கொடுத்தவங்க எல்லாரும் வாங்க. உங்களதும் இப்படித்தான்."