நூலில் தலை இடிக்காத கார்

மலை மேலிருந்த அந்த ஊரின் பஸ் டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏணி என்றால்தான் தெரியும். டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். கண்ணாடி வழியே ரோடு தெரிய வேண்டுமென்றால் அவர் தலையைக் குனிந்தாக வேண்டும். வளைவுக்கு வளைவு மனுஷன் சாமி கும்பிடுகிறார் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். கும்பிடாமலும் இல்லை. கணவாய் மேட்டில் முதல் கியர் போடும்போது, எல்லாரையும் வீடு சேர்த்துடு சாமி என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வார்.

அவர் அளவுக்கு யூனிஃபார்ம் சட்டை டிப்போவில் இருந்ததே இல்லை. எந்தச் சட்டையும் மணிக்கட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும். அண்ணன் ஆற்றில் இறங்கப் புறப்பட்டுவிட்டார் என்று கண்டக்டர்கள் சிரிப்பார்கள். யூனிஃபார்ம் தைக்க வந்த தையல்காரப் பெண்தான் அவருக்குப் பொருந்துகிற சட்டையை முதல்முதலாகத் தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்க டேப்பைத் தொடவில்லை. தன் கையை நீட்டி அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் அவரைவிட ஒரு விரல் உயரம். கல்யாணம் ஆனதும் ஏணியும் கொடிக்கம்பமும் என்று டிப்போவில் சேர்த்தே சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கொடிக்கம்பத்தை எல்லாரும் நிமிர்ந்துதானே பார்க்கணும் என்பாள்.

அவளுடைய தையல் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் வீடு. வாசல்படி தாழ்வு. குடிவந்த வாரமே இரண்டு பேர் நெற்றியும் புடைத்துவிட்டது. அவள் பழைய துணிகளை மடித்துத் தலையணை போலத் தைத்து மேல்சட்டத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். கடவுள் பிள்ளை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்த வீட்டில் எங்கே நிற்க வைப்பது என்று தங்களுக்குள்ளேயே ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு அதற்கு மேல் நீளாது.

ஒருநாள் அவள் அவருடைய பஸ்ஸில், அவருக்குப் பின் சீட்டில், கழுத்தைச் சாய்த்தபடி உட்கார்ந்து வந்தாள். கணவாய் மேட்டில் பஸ் இருமி இருமி ஊர்ந்துகொண்டிருந்தது. அப்போது பின்னாலிருந்து தாழ்வான சிவப்புக் கார் ஒன்று வந்தது. வழுக்கிக்கொண்டு போவதுபோல் பஸ்ஸைத் தாண்டி வளைவில் மறைந்தது. டிப்போவுக்கு வந்து எல்லாரும் இறங்கின பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அதுல போனவங்க முகத்தப் பாத்தீங்களா? மேடு ஏறுற மாதிரியே இல்ல. நம்ம ரெண்டு பேரும் ஒரு தடவையாவது அப்படித் தலை குனியாம இந்தக் கணவாயத் தாண்டணும்."

அவள் வாய்விட்டுக் கேட்டது ஆயுசுக்கும் அது ஒன்றுதான்.

ஆசைப்படுவது சுலபம், வண்டி பார்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. டிப்போ மெக்கானிக் அவருக்குத் தம்பி மாதிரி. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே அவன் விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தான். இந்த உயரத்தில் காற்று மெலிசு. எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். கீழே பத்துக் குதிரை இழுத்தால் இங்கே ஏழுதான் இழுக்கும். டர்போ வைத்த வண்டி காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அதற்கு உயரம் ஒரு பொருட்டில்லை. ஆனால் அதற்கு ஆக்டேன் கூடின நல்ல பெட்ரோல் வேண்டும். ஊரிலிருந்த ஒரே பங்க்கில் வந்ததோ ஆக்டேன் குறைந்த மட்டமான பெட்ரோல். நெருப்புப் பொறி வருவதற்கு முன்பே அது அவசரப்பட்டு வெடிக்கும். எஞ்சினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

"டர்போ கேக்குறது ராஜா வீட்டுச் சாப்பாடுண்ணே. நம்ம பங்க்ல கிடைக்கிறது ஆறிப்போன மிச்சம்" என்றான் மெக்கானிக். "பெரிய எஞ்சின், டர்போ இல்லாதது, காத்த ரொம்ப அமுக்காதது, அப்படி ஒண்ணு பாருங்க. பலம் கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கும். அதுவும் உங்க ரெண்டு பேர் காலும் உள்ள போற வண்டியா இருக்கணும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

அந்தக் காலை உள்ளே விடுகிற பொறுப்பைத் தையல்காரம்மா எடுத்துக்கொண்டாள். விளம்பரத் தாள்களில் சீட்டிலிருந்து கூரைவரை எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அந்த அளவுக்கு, ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிவரை ஒரு சிவப்பு நூலை இழுத்துக் கட்டுவாள். நூலுக்குக் கீழே தரையில் இரண்டு மெத்தைத் துண்டு. பெடலுக்கு ஒரு மரப்பெட்டி. இருவரும் காலை நீட்டி ஜோடியாக உட்காருவார்கள். நூல் தலைமுடியில் பட்டால் அந்தக் கார் தள்ளுபடி. அவருக்குப் படாவிட்டாலும் அவளுக்குப் பட்டுவிடும். சம்பந்தம் பார்க்கிற வீடு மாதிரி, வந்ததையெல்லாம் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில நாள் சோற்றுத் தட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர் கையில் ஒரு தட்டைப் பிடித்து ஸ்டியரிங் போலத் திருப்புவார். வளைவு வருது, பிடிச்சுக்கோ என்பார். அவள் நிஜமாகவே சாய்வாள்.

பக்கத்து ஊர் ஷோரூமுக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கே அவள் உட்கார்ந்த காரில் தலை கூரையில் அழுந்தியது. விற்கிற பையன் பணிவாகச் சொன்னான், சீட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் சரியாகிவிடுமாம். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"சாஞ்சுக்கிட்டுப் போறதுக்கு ஆம்புலன்ஸ் இருக்கேப்பா."

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. துணித்தூசி என்று நினைத்தார்கள். பிறகு மிஷினை மிதிக்கும்போது நடுவில் நிறுத்தினாள். பிறகு பேச்சையும் நடுவில் நிறுத்தினாள். பாதி வாக்கியத்தில் கையைக் காட்டி, இருங்க, வருகிறேன் என்பதுபோல் ஜாடை செய்வாள். உதடு நீலம் பாரித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, இங்கே இருக்கிற காற்று அவளுக்குப் போதாது, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார்.

எஞ்சினுக்குக் காற்றுப் போதாது என்று வருஷக்கணக்காகக் கவலைப்பட்டவர் அவர். பக்கத்து மெத்தையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போதவில்லை என்பது தெரியாமல் போயிற்றே என்று பிற்பாடு மருகினார். அது அவர் குற்றமில்லை. இருந்தாலும் மருகாமல் இருக்க முடியுமா?

ஆம்புலன்ஸில் படுத்தபடிதான் அவள் மலை இறங்கினாள். கீழே சமவெளியில் அவள் தங்கச்சி வீட்டில் ஒரு அறை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். அவர் மாற்றல் கேட்டு எழுதிப்போட்டார். அது வந்து சேருகிற வரைக்கும் வாரக் கடைசியில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இனிமேல் கார் எதற்கு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். அவள் முகமூடியை விலக்கிவிட்டுப் பேசினாள்.

"நீங்க வண்டிய எடுங்க. உடம்பு கொஞ்சம் தேறினா ஒரு நாள் போய்ட்டு வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நிமிர்ந்து உக்காந்து கணவாயத் தாண்டிட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க எங்க இருக்கச் சொன்னாலும் இருக்கேன்."

தேறினால் என்பதை டாக்டர் எந்த முகத்தோடு சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. தேற வை சாமி என்று மட்டும் வேண்டிக்கொண்டார். கணவாய் மேட்டில் பயணிகளுக்காகச் செய்கிற வேண்டுதலை அந்த நாட்களில் அவர் மறந்தேபோனார். ஞாபகம் வந்ததும் பதறிப்போய், அவங்களையும் பாத்துக்கோ என்று சேர்த்துக்கொள்வார்.

கார் கிடைத்தது. ஊரை விட்டுப் போகிற ஒரு கட்டட காண்ட்ராக்டருடையது. பழசுதான், ஆனால் மெக்கானிக் சொன்ன எல்லாம் இருந்தது. பெரிய எஞ்சின். டர்போ கிடையாது. மட்டமான பெட்ரோலைக் குடித்தே வளர்ந்தது. இரண்டே சீட். அவர் உள்ளே உட்கார்ந்து பார்த்தார். தலை படவில்லை. ஆனால் அவர் அவளைவிட ஒரு விரல் குள்ளமாயிற்றே. பையிலிருந்து அவளுடைய நூல்கண்டு ஒன்றை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தார். கண்டும் கூரையில் படவில்லை. காண்ட்ராக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீட்டம்மாவுக்கு அளவு பாக்குறேங்க என்றார் ஏணி. நூல்கண்டைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். மேலே இருக்கிற மெலிந்த காற்றுக்குத் தக்கபடி பொறி விழுகிற டைமிங்கை முன்னால் தள்ளி, எஞ்சினைப் பாட வைத்தான். ஏணி பங்க்கில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினார். பக்கத்து சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தார், அவள் காலுக்கு.

இரண்டு பேரும் ஏறுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தார்கள். இறங்குவதைப் பற்றி அவர்களும் நினைக்கவில்லை, மெக்கானிக்கும் நினைக்கவில்லை. இறங்க இறங்கக் காற்று கனத்தது. மேலே சமர்த்தாக இருந்த அந்தப் பெட்ரோல், இந்தக் கனத்த காற்றில் அவசரப்பட ஆரம்பித்தது. கடைசி வளைவுகளில் எஞ்சினுக்குள் கரண்டிச் சத்தம் கேட்டது. சமவெளியில் கொஞ்சம் மிதித்தாலும் தட்டியது. பக்கத்தில் சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கால் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் தங்கச்சி வீட்டுத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

அவள் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். சிலிண்டரைத் தங்கச்சி பிடித்துக்கொண்டிருந்தாள். கார் நின்ற பிறகும் எஞ்சின் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடங்கியது.

"எனக்கு மேல ஒத்துக்கல, இதுக்குக் கீழ ஒத்துக்கல" என்றாள். "நல்ல ஜோடியாத்தான் பாத்திருக்கீங்க."

இரண்டு பேரும் பிடித்து அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். சிலிண்டரைக் கால்மாட்டில் வைத்தார்கள். கால் நீட்டத் தாராளமாக இடம் இருந்தது. அவர் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை உயர்த்தித் தலைக்கும் கூரைக்கும் நடுவில் விரல்களை வைத்தாள். ஒரு விரல், இரண்டு விரல். பிறகு உள்ளங்கையை விரித்து வைத்தாள். அதுவும் போயிற்று.

மூச்சுக்காக முன்னால் குனிந்து குனிந்தே அவள் முதுகு வளைந்துபோயிருந்தது. வாராவாரம் கட்டிலில் சாய்ந்திருந்தவளைத்தான் அவர் பார்த்திருந்தார். அவளிடம் எத்தனை உயரம் குறைந்திருக்கிறது என்பது அந்தச் சீட்டில்தான் தெரிந்தது.

அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க மற்றவர்கள் உடம்பை அளந்தவள்.

"இப்ப எந்த வண்டியா இருந்தாலும் எனக்குப் பொருந்தியிருக்கும் இல்ல?" என்றாள். "அநியாயமா எத்தன வண்டிய வேண்டாம்னு சொல்லிட்டோம்."

அவர் கண்ணாடி வழியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெருமுனை வரைக்கும் போங்க. மெதுவாப் போங்க, தட்டாம."

போனார். தெரு தட்டையான தெரு, ஒரு மேடு பள்ளம் கிடையாது. திரும்புகிற இடத்தில், வளைவு வருது, பிடிச்சுக்கோ என்று சொன்னார். அவள் அவர் பக்கமாகச் சாய்ந்தாள். அப்படியே சாய்ந்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த மழைக்கு அவள் இல்லை. தூக்கத்திலேயே, தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டாள். கடவுள் அந்த மட்டும் இரக்கம் காட்டினார். மாற்றல் உத்தரவு அதற்குப் பிறகு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் முடிந்து அவர் காரில் மலைக்குத் திரும்பினார். பக்கத்து சீட்டில் தங்கச்சி வைத்த துணிப்பை ஒன்று இருந்தது. அதில் அவளுடைய கத்தரிக்கோல் இருந்தது. சமவெளியில் எஞ்சின் தட்டிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் துணையாகக்கூட இருந்தது. மலை ஏற ஆரம்பித்து, காற்று மெலிய மெலிய, தட்டுவது குறைந்தது. பாதி மலையில் நின்றேவிட்டது. அதன் பிறகு வண்டி பாடிக்கொண்டு ஏறியது. கணவாய் மேட்டில் முன்னால் ஊர்ந்த ஒரு பஸ்ஸை, மேடு ஏறுகிற மாதிரியே இல்லாமல், வழுக்கிக்கொண்டு தாண்டியது. அவர் தலை குனியவில்லை. அந்த வண்டியை எதற்காக எத்தனை வருஷம் பொறுக்கினார்களோ, அதை ஒரு குறையும் வைக்காமல் செய்துகொண்டிருந்தது.

அது நன்றாக ஓடுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பின்னால் விட்டு வந்த பஸ் இருமிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டியவர் டிப்போக்காரர்தான். எட்டிப் பார்த்து, வண்டி மக்கர் பண்ணுதாண்ணே என்று கேட்டார்.

"இல்லப்பா. வண்டி நல்லாத்தான் இருக்கு. நீ போ" என்றார் ஏணி.

பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது. எல்லாரையும் வீடு சேர்த்துடு சாமி என்று வழக்கம்போல அவர் வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார்.