திங்கட்கிழமைக் கதை

மருமகள் புத்தகக் கண்காட்சியிலிருந்து ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "உங்க காலத்துத் தொடர்கதையாம் அத்தை, புதுசா போட்டிருக்காங்க." பத்துப் பக்கத்துக்கு ஒரு தூக்கம் என்று ஒரு வாரமாகப் படிக்கிறேன். புதுப் பசை வாசனையில் தும்மல் வருகிறது.

அன்றைக்கு இதே கதைக்கு வேறு வாசனை. ஸ்ரீரங்கத்தில் ஒரே பத்திரிகையை ஐந்து வீடுகள் சுற்றுக்கு விட்டுப் படித்தோம். எதிர்மாடி லட்சுமி அக்கா வெள்ளிக்கிழமை வாங்குவார். எங்கள் முறை திங்கட்கிழமை. அதற்குள் ஒரு வீட்டு ரசமும் இன்னொரு வீட்டு விளக்கெண்ணெயும் அதில் ஏறியிருக்கும். அடுத்தவர் வீட்டில் என்ன குழம்பு என்றுகூடச் சொல்லிவிடலாம்.

நான் திருச்சியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த புதிது. பஸ்ஸில் நசுங்கி வீடு வந்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மண்ணச்சநல்லூர் அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கியபடி கேட்பாள். நானும் குரலை மாற்றி மாற்றிப் படிப்பேன், பெரிய நடிகை என்ற நினைப்பு!

தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி தேடி நடக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. புருஷனைப் பறிகொடுத்த தாய், மூன்று பெண்கள். எங்கள் வீட்டுக் கணக்கும் அதுதான். "பெரியவளுக்குத் தண்ணி குடுடி" என்று அம்மா கதைக்குள் இருப்பவளை அதட்டுவாள்.

படிக்கும்போது என் கண் இரண்டு வரி முன்னால் ஓடும். ஒரு திங்கட்கிழமை அப்படி ஓடிய கண் நின்றுவிட்டது. அந்தத் தாய் தன் கடைசிப் பெண்ணை ஒரு வண்டிக்காரன் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுக் கேழ்வரகை மடியில் வாங்கிக்கொள்கிறாள்.

எங்கள் கடைசித் தங்கை தொட்டியத்தில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தாள். அப்பா இறந்த வருஷம், பிள்ளையில்லாத அவர்கள் கேட்டார்கள், அம்மா கொடுத்தாள். இரண்டு வயதுக் குழந்தை. வருஷத்துக்கு ஒரு முறை வாழைத்தாரோடு வருவாள், பெற்றவளைச் "சித்தி" என்று கூப்பிடுவாள். அம்மாவும் "வாம்மா" என்று விருந்தாளியைப் போல வரவேற்பாள். 

"என்னடி நிறுத்திட்டே?"

"தும்மல் வந்துச்சும்மா."

பிறகு வாய்க்கு வந்ததைப் படித்தேன். வண்டிக்காரன் மனமிரங்கி எல்லோரையும் ஏற்றிக்கொண்டான் என்றேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். அடுத்த வாரம் அந்தச் சின்னப் பெண்ணை என்ன செய்வது என்று ஆபீசில் யோசித்து யோசித்து, மேனேஜர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயரை டைப் அடித்து ஏச்சு வாங்கினேன்.

நாலு மாதம் இப்படி ஓட்டினேன். உட்கார்ந்ததும் அம்மா முதலில் அதைத்தான் கேட்பாள். "இந்த வாரமும் அந்தச் சின்னது அம்மாகிட்டதானே இருக்கு?"

"இருக்கும்மா."

"சரி, படி."

அம்மா காலமான பதினாறாம் நாள் லட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தப் புள்ளைய வண்டிக்காரன்கிட்ட குடுத்துட்டாளேன்னு சனிக்கிழமையே குழாயடியில உங்கம்மாகிட்ட சொல்லித் தொலைச்சேன்டி. குடத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

சனிக்கிழமை. நான் படித்தது திங்கட்கிழமை. எல்லாம் தெரிந்துதான் முறத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தப் புத்தகத்தில் அந்த இடத்தை நேற்றுத்தான் தாண்டினேன். கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டேன், அதற்கப்புறம் எந்தப் பக்கத்திலும் அந்தப் பெண் தாயோடு இல்லை. என் கதை எங்கும் அச்சாகவில்லை, கேட்ட ஒரே ஆளும் இல்லை. அந்தச் சின்னவளுக்கு ஒருமுறை அம்மை வார்த்துப் பிழைக்க வைத்தது மட்டும் நினைவிருக்கிறது, மற்றதெல்லாம் எனக்கே மறந்துவிட்டது. அசதியாக இருக்கிறது.

சாயங்காலம் தொட்டியத்திலிருந்து தங்கை போன் செய்தாள். அவளுக்கும் எழுபது ஆகப்போகிறது. இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் கேட்டாள்: "அக்கா, சித்திக்குத் திதி என்னைக்கு வருது?"