பன்னுவின் தும்மலும் ஒரு சாக்கு மரத்தூளும்

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், திருவொற்றியூரில் ரயில்வே லைனை ஒட்டிய எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

மகள் ஆசைப்படுகிறாளே என்று கொளத்தூரில் செல்லப்பிராணிக் கடை ஒன்றில், வாலில்லாத குட்டி முயல் மாதிரி இருக்கும் ஒரு கினி பிக் வாங்கிக் கொடுத்தோம். பேக்கரி பன் மாதிரி உருண்டையாக இருந்ததால் பன்னு என்று பெயர் வைத்தாள். வந்த சில நாளிலேயே அது தும்ம ஆரம்பித்தது. சின்ன உடம்பு குலுங்கக் குலுங்கத் தும்மும். மூக்கில் ஈரம், கண்ணில் நீர். கொத்தமல்லிக் கட்டைக் கண்டால் கத்திக்கொண்டு ஓடிவருவது, ஒரு கட்டத்தில் தண்டைக்கூடத் தொடவில்லை. இதுகளுக்குச் சளி நெஞ்சில் இறங்கினால் பிழைப்பது கஷ்டம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "நான் வர்றதுக்குள்ள செத்துடாதுல்லம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மகள் படியிறங்குவாள்.

அண்ணா நகர் பக்கம் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் முதலில் கேட்டது ஊரை. சொன்னேன். "திருவொற்றியூரா? அங்க மனுஷனே தும்முறான், இது தும்மாதா?" என்று சிரித்தார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். என்ன தீனி போடுகிறேன், எதில் படுக்க வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்தும் கேட்கவில்லை.

எங்கள் காற்று நாறும் என்று எனக்குத் தெரியாதா? மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணியை உள்ளே போட்டு ஜன்னலைச் சாத்துகிறவள் நான். அதனால்தான் அந்தப் பதிலை மறுத்துப் பேச எனக்கும் வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவரும், "இன்னா பண்ணச் சொல்ற? நம்ம ஏரியா அப்டி கீது" என்று முடித்துக்கொண்டார்.

என் நாத்தனார் இதே தெருவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி நங்கநல்லூர் போனதிலிருந்து, இங்கே வந்தால் மூக்கிலிருந்து கர்ச்சீப்பை எடுப்பதில்லை. பன்னுவைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிடும்படியும், அங்கே காற்றாவது நன்றாக இருக்கும் என்றும் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மகள் அழுது ஓய்ந்து, பிழைத்தால் போதும் என்று அவளாகவே ஒப்புக்கொண்டாள். கூண்டு, தண்ணீர் பாட்டில், கூண்டுக்குள் பரப்ப ஒரு சாக்கு மரத்தூள் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டோம். அந்தத் தூள் என் வீட்டுக்காரர் யார்டிலிருந்து கொண்டுவருவது. கப்பலில் வந்த சாமான்களின் மரப்பெட்டிகளை உடைத்து அறுக்கிற கொட்டகை அங்கே உண்டு. தூளைச் சும்மாவே அள்ளிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் கோழிக்கூண்டுக்கும், மெக்கானிக் ஷெட்டில் சிந்திய ஆயிலுக்கும் அதுதான்.

அடுத்த வாரமே நாத்தனாரிடமிருந்து போன். பன்னு இப்போது முன்னைவிட அதிகமாகத் தும்முகிறதாம். சீக்குப் பிடித்ததை அவள் தலையில் கட்டிவிட்டோமாம். உடனே வந்து எடுத்துப் போக வேண்டுமாம்.

நன்றாக நாலு கேட்டுவிடலாம் என்றுதான் படியேறினேன். கூண்டைக் கழுவுவதற்காகப் பன்னுவைப் பால்கனியில் பேப்பர் மேல் விட்டிருந்தாள். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பிறகு அவள் காய்ந்த கூண்டில் தூளைத் தாராளமாகப் பரப்பி அதை உள்ளே விட்டாள். தூளுக்குள் மூக்கை நுழைத்ததுமே தும்மல் தொடங்கிவிட்டது. நான் சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்தேன். பைன் மரத்தின் காட்டமான வாசனை, கூடவே ஏதோ மருந்து நெடி. எனக்கே அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது.

"இது இன்னா, நங்கநல்லூர் காத்தா?" என்று கேட்டேன். நாத்தனார் பன்னுவைத் தூக்கி மறுபடி பேப்பர் மேல் விட்டாள்.

பன்னுவை வீட்டுக்குக் கொண்டுவந்து, தூளுக்குப் பதில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து விரித்தோம். அதே ஊர், அதே காற்று. கொஞ்ச நாளில் தும்மல் நின்று, கொத்தமல்லிக்குக் கத்தத் தொடங்கியது. மகளும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். நான் மட்டும் விடவில்லை. மருத்துவருக்குப் போன் போட்டேன். பைன் தூள் இதுகளுக்கு ஆகாதுதான் என்று அவர் நிதானமாகச் சொன்னார். முன்பே ஏன் கேட்கவில்லை என்றால், நான் சொல்லவில்லையாம்.

"நீங்க ஊரைத்தானே சார் கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எங்கள் காற்று சுத்தம் என்று நான் சொல்லவில்லை. அது கலீஜ்தான், அதற்கும் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஊர்ப் பெயரைக் கேட்டதும் எதிரில் இருக்கும் உயிரைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போன மாதம் மகளுக்கு விடாத இருமல். ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு எந்த ஏரியா என்றார். "அத்த கடைசில சொல்றேன் சார், மொதல்ல கொழந்தய பாருங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பேனாவை வைத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். பன்னு தும்மித் தும்மி எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.