கேரவனின் இடது சில்லு

நெடும்பயணம் என்றால் சக்கர நட்டுகளை எண்ணிப் பார்க்காமல் இன்றைக்கும் நான் காரில் ஏறுவதில்லை. வழியில் நிறுத்தினால் இறங்கிப்போய் ஒவ்வொரு சில்லின் நடுவிலும் கைவைத்துப் பார்ப்பேன். ஐம்பது இன்னும் ஆகவில்லை, அதற்குள் வீட்டில் எனக்குக் கிழவன் என்று பெயர். இந்தப் பழக்கம், யாழ்ப்பாணத்தை விட்டு வெளிநாடு வந்து மவுண்ட் வெல்லிங்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் தொற்றியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களிடம் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டே அறைகள். அப்பா எங்கோ விசாரித்து ஒரு பழைய கேரவனை வாங்கிப் பின்வளவில் நிறுத்தினார். மாமா அதில் படுத்தார். அவருக்கும் அம்மாவுக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. ஈரத் துவாயைக் கதிரையில் போடுகிறான், குடித்த கோப்பையைக் கழுவுவதில்லை என்று அம்மா அடுக்கும் குற்றங்களை ஒருமுறை எண்ணத் தொடங்கிப் பதினான்கில் விட்டுவிட்டேன். ஆகவே தெற்கே ஒரு பழத்தோட்டத்தில் மாமாவுக்கு வேலை கிடைத்து, கேரவனையும் தன் காரில் இழுத்துக்கொண்டு போகிறார் என்றானபோது அம்மாவுக்குச் சந்தோசமாக இருக்கும் என்றே நினைத்தேன். செவ்வாய் காலை அங்கே நிற்கவேண்டும். பிந்தினால் வேலை இன்னொருவருக்கு.

நெடுநாள் ஓடாத வண்டி. பிரேக்கையும் பேரிங்கையும் பார்க்காமல் வீதியில் இறக்க முடியாது. அப்பா நூலகத்திலிருந்து ஒரு கைநூல் எடுத்துவந்தார். அதைவிட, யாழ்ப்பாணத்தில் தன் சைக்கிளைத் தானே கழற்றிப் பூட்டிய அனுபவத்தை நம்பினார். சனிக்கிழமை வலது சில்லு. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி ஏற்றினார். பிரேக் கட்டைகளில் கிரீஸ் படாமல் துணியால் பொத்திக்கொண்டார். கடைசியில் நடு நட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கினார்.

“அத்தான், புத்தகத்திலை கொஞ்சம் தளர்த்தச் சொல்லியெல்லோ கிடக்கு?”

“ஆட்டமுள்ள சில்லோடை ரோட்டிலை போனால் சனம் சிரிக்கும்.”

“இங்கை சனம் சிரிக்காது. சில்லு கழண்டால் பொலிஸ்தான் சிரிப்பான்.”

இருட்டுவதற்குள் இடது சில்லையும் கழற்றிச் சாமான்களைப் பத்திரிகைத் தாளில் வரிசையாக அடுக்கினார்கள். ஞாயிறு காலை பூட்டிவிட்டு மாமா வெளிக்கிடுவதாக ஏற்பாடு.

காலையில் போய்ப் பார்த்தால் தாள் வெறுமையாகக் கிடந்தது. ஸ்பனர்கள், சுத்தியல், கிரீஸ் டின், இரண்டு பேரிங்குகள் எல்லாம் குசினி அலுமாரியில் சரஸ்வதி படத்தின் முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தன. என் பள்ளிக்கூடப் புத்தகங்களும் பக்கத்தில். அன்று ஆயுதபூசை.

“நாளைக்கு விஜயதசமி, எடுக்கலாம். இண்டைக்கு ஒருத்தரும் தொடக்கூடாது” என்றார் அம்மா.

“அக்கா, ஊரிலை நீ தையல் மெசினுக்கே பொட்டு வைச்சதில்லையே!”

“அதுதான் இப்ப வைக்கிறன்.”

அந்த ஞாயிறு முடியவே இல்லை. ஒற்றைச் சில்லில்லாமல் கட்டையில் சாய்ந்து நின்ற கேரவனை மாமா சுற்றிச்சுற்றி வந்தார். அப்பா கைநூலைத் திரும்ப வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மாறியது. எழுந்துபோய் வலது சில்லைக் கையால் சுழற்றினார். அது அரைச் சுற்றில் நின்றது. தளர்த்த வேண்டும், ஆனால் ஸ்பனர் சாமியிடம். நான் அலுமாரிக்குப் போய்த் தொடாமல் பேரிங் உருளைகளை எண்ணினேன். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

திங்கள் விடிந்ததும் அம்மா கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். அப்பா இடது சில்லைப் பூட்டினார், வலதைத் தளர்த்தினார், நட்டுக் கழலாமல் புது ஊசிகளைச் செருகி வளைத்தார், பிரேக்கைச் சரிபார்த்தார். பிறகு மாமாவிடம் சொன்னார்: “பெரிய கடைப்பக்கம் ஒரு சுத்து சுத்தி வா. சில்லின்ரை நடு சுட்டால் இறுக்கம் கூட எண்டு அர்த்தம். சுடாட்டில் நீ வெளிக்கிடலாம்.”

மாமா திரும்பி வந்தபோது அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார். யாரும் கேட்காமலே இடது சில்லருகே குந்தி அதன் நடுவில் கைவைத்தார். எடுக்கவில்லை.

“சுடுது” என்றார். “இண்டைக்குப் போகேலாது. திரும்பக் கழட்டுங்கோ.”

அப்பா கைவைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். இளஞ்சூடுகூட இல்லை, பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. மாமாவும் வைத்தார். எதற்கும் பகிடி விடுகிறவர், அப்போது விடவில்லை.

“சுடேல்லை அக்கா.”

“எனக்குச் சுடுது.”

அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று பேர் என்று எனக்குத் தெரியும். மாமாவைத் தவிர, ஊரில் ஒருநாள் வெளிக்கிட்டுப் போய்த் திரும்பாத மற்ற இருவரைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை.

மாமா கொஞ்சநேரம் அக்காவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் காரில் ஏறினார். கேரவன் தெருமுனையில் திரும்பும்வரை அம்மா கையைத் துடைக்கவில்லை.

ஒரே இரும்பில் நான்கு கைகள். மூன்றுக்குக் குளிர், ஒன்றுக்குச் சூடு. கணக்கு உதைத்தது. அன்று பின்னேரமே விடை கண்டுபிடித்து அப்பாவிடம் ஓடினேன். அம்மா குளிர்தண்ணீரில் பாத்திரம் கழுவிய கையோடு வந்தார், அதனால்தான் இரும்பு சுட்டது. அப்பா ஸ்பனர்களைத் துடைத்தபடி, “ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

பல வருடங்கள் அந்த விடையோடு திருப்தியாக இருந்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிற நான், இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அம்மா சுடுதண்ணீரில் மட்டுமே பாத்திரம் கழுவினார் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.