சென் ஜெர்மனில் ஒரு பொய்க் கால்வலி

என் கணவருக்கு நெஞ்சுவலி தொடங்கியது பகல் பன்னிரண்டரைக்கு. அதை அவர் வாய் திறந்து சொன்னது மூன்றரைக்கு. இடையில் இருந்த மூன்று மணித்தியாலமும் உணவகக் குசினியிலேயே நின்று, கடைசி மேசைக்கு இறைச்சி வாட்டி அனுப்பி, அடுப்பைத் துடைத்து, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்த பிறகுதான் பக்கத்தில் நின்றவரிடம், "எனக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு" என்றாராம். இருபத்தாறு வருடமாகச் சமைக்கிற மனிதர். சாப்பிட வந்தவர்கள் காத்திருக்கக் கூடாது, அவருடைய நெஞ்சு மட்டும் காத்திருக்கலாம்.

இரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். புறப்படும் நாளில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகளைவிடக் கொஞ்சம் வயது கூடிய பெண். நான் காலை வேளையில் அலுவலகங்களைத் துப்புரவாக்குகிறவள், என் பிரெஞ்சு அங்கே பொறுக்கி எடுத்தது. அது தெரிந்தோ என்னவோ ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், மட்டமான தரையில், அவசரம் இல்லாமல். அது சுகமான பாகம். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுகினாலோ அந்த நிமிடமே அவர் சொல்ல வேண்டும், உட்கார வேண்டும், நாக்குக்குக் கீழே மருந்து அடிக்க வேண்டும். "போன தடவை மாதிரி மறைத்தால், அடுத்த தடவை அவரை நான் உயிரோடு பார்க்க மாட்டேன்." எனக்கு நன்றாகவே விளங்கியது. என் பிரெஞ்சு இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நடப்பது என்றால் எங்கே நடப்பது. எங்கள் வீடு பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில். கீழே இறங்கினால் கால் தானாகத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குத்தான் போகும். அங்கே பத்து அடிக்கு ஒரு தெரிந்த முகம். முதல் கேள்வி, "எங்கை அண்ணை போறியள்?" இரண்டாவது, "இண்டைக்கு வேலை இல்லையோ?" இவர் அதற்குப் பயந்து கையில் ஒரு பையோடு நடந்தார். பை வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கினார். ஐந்தாம் நாள் பிரிட்ஜுக்குள் கறிவேப்பிலை வைக்க இடம் இல்லை. ஆறாம் நாள் அவர் போகவில்லை. "சும்மா நடக்கிறதும் ஒரு வேலையே?" என்று கட்டிலில் படுத்துவிட்டார்.

மகள்தான் தன் தொலைபேசியில் தேடி வழி கண்டுபிடித்தாள். பாரிசைச் சுற்றி இலகுவாக நடக்கக்கூடிய பாதைகள் என்று ஒரு பட்டியல். அதில் சென் ஜெர்மன் ஆன் லே: பழைய அரச மாளிகை, அதன் பூங்கா, பக்கத்தில் சின்ன ஊர். "தரை முழுக்க மட்டம், ஏற்றமே இல்லை, அம்மா" என்று பிரெஞ்சில் சொன்னாள். "அங்கை எங்கட சனம் ஒருத்தரும் வராதுகள்" என்று நான் தமிழில் சொன்னேன். கணவர் எழுந்து உட்கார்ந்தது நான் சொன்னதைக் கேட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். லா சப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோ, எத்துவாலில் இறங்கி மாறினால் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் ஒரே ரயில். படி ஏறி வெளியே வந்ததும் மாளிகை முன்னால் நிற்கிறது. வேர்சாய்க்குப் போன அந்தப் பெரிய அரசன் பிறந்தது இங்கேதானாம். என் வீட்டு அரசன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே ஊருக்குள் போய், சந்தையில் மீன்காரரிடம் நின்று, ஒரு மீனின் செவுள் பூவைத் தூக்கிப் பார்த்து, "நேத்தைய மீன்" என்று எனக்குத் தமிழில் தீர்ப்புச் சொன்னார். மீன்காரர் முறைத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் முகத்தில் உயிர் வந்ததை அந்த மீனுக்கு முன்னால்தான் பார்த்தேன்.

சந்தையிலிருந்து பூங்காவுக்குத் திரும்பினோம். வெட்டி ஒழுங்காக்கிய புல்வெளியைத் தாண்டினால் ஒரு நீண்ட மேடை. ஒரு பக்கம் மரங்கள், மறு பக்கம் இரும்புக் கம்பி வேலி, அதற்குக் கீழே சேன் ஆறு, தூரத்தில் பாரிஸ். இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. அதில் இவர் பஸ்ஸைத் தவறவிடப்போகிறவர் போல நடந்தார். கொஞ்சத் தூரத்தில் திடீரென்று நின்று வேலியைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தோணியைப் பாரும்" என்றார். ஆற்றில் தோணி எதுவும் இல்லை. அவருடைய உதடு வெளுத்திருந்தது.

"ஏலாமல் இருக்கோ?"

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கிறன்."

கன்னத்தில் ஒன்று போடலாமா என்று வந்தது. போடவில்லை. "எனக்குக் கால் நோகுது. கொஞ்சம் இருப்பம்" என்றேன். அங்கே இருந்த வாங்கில் எனக்கு முன்னால் அவர்தான் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என் கால் நொந்தது. அவருடைய பின்கழுத்தைப் பார்த்தே கணக்குப் பிடிக்கப் பழகிவிட்டேன். கழுத்து வியர்க்கும், பேச்சு நிற்கும், உடனே நான் நொண்டத் தொடங்குவேன். என் சப்பாத்துச் சரியில்லை என்று ஊருக்குள் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் மெத்தென்ற ஒரு சோடி வாங்கித் தந்தார். மரங்கள் துளிர்த்தன. மூன்றாவது வாங்கில் நின்றவர்கள் ஏழாவது வரைக்கும் போனோம். கல்யாணம் முடித்த இருபத்துநான்கு வருடத்தில் எனக்கு ஞாயிறு லீவு என்றால் அவருக்குத் திங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாள் கிடைத்தது இப்போதுதான். நான் சந்தோசமாக இருந்தேன். அதற்கு ஒரு மாரடைப்பு வேண்டியிருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் இத்தனை ஞாயிறிலும் அவர் வாயால் ஒரு தடவைகூடத் தனக்கு ஏலாது என்று சொல்லவில்லை. கோடையில் மருத்துவ விடுப்பு முடிந்துவிடும். திரும்பவும் குசினிக்குப் போவார். அங்கே அவருக்காக யாருடைய கால் நோகும்? இரவில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதையே நினைத்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, எங்கள் சனம் வராது என்ற அந்த மேடையில் எங்கள் கல்யாணக் கூட்டம் ஒன்று நின்றது. வேலி ஓரமாகப் பொம்பிளை கூறைச்சேலையோடு, மாப்பிள்ளை தலைப்பாகையோடு, ஏணியில் ஏறி நின்று படம் எடுக்கிறவர். பொம்பிளையின் தாய் லா சப்பலில் சேலைக்கடை வைத்திருப்பவர். ஒளிய இடமில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இப்ப கால் எப்பிடி? முழங்கால் தேஞ்சு போச்சாமே. அண்ணை எல்லாம் சொன்னவர். உங்களைப் பாக்கவெண்டே வேலைக்கு லீவு போட்டிட்டு நிக்கிறாராம். இப்பிடி ஒரு மனிசன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்க வேணும்."

நான் அந்த மனிசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் படம் எடுக்கிறவரின் ஏணியைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பலசரக்குக் கடைப் பெடியன் கொஞ்ச நாளாக அரிசி மூட்டையை வீட்டு வாசல் வரைக்கும் சுமந்து வந்தது, கோயிலில் எனக்கு மட்டும் கதிரை போட்டது, யாரோ முடக்கொத்தான் இலை சுற்றித் தந்தது எல்லாம் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. லா சப்பல் முழுவதும் என்னை நடக்க முடியாதவளாக ஆக்கி வைத்திருக்கிறார். தன் நெஞ்சு வருத்தத்தை என் முழங்காலுக்குள் கொண்டுபோய் ஒளித்திருக்கிறார். அந்த அம்மாவின் கண்ணில் படும் தூரம் வரைக்கும் நான் நொண்டிக்கொண்டே போகவேண்டியும் இருந்தது.

"என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"எனக்கு வருத்தமெண்டு சொன்னா, ஏலாதவன் எண்டு பாப்பினம். உமக்கெண்டு சொன்னா நல்ல மனிசன் எண்டு பாக்கினம்." என் காலைப் பார்த்துச் சொன்னார்: "உம்மட காலுக்கு ஒண்டுமில்லை எண்டும் எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"முதல் நாளே தெரியும். வலக்கால் நோகுதெண்டு இடக்காலைத் தடவிக்கொண்டிருந்தனீர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. டொக்டர் என்னிடம் சொன்னதை அதுவரைக்கும் நான் அவருக்குச் சொல்லவே இல்லை. பயந்துவிடுவார் என்று மூடி வைத்திருந்தேன். மறைப்பதில் நானும் குறைந்த ஆள் இல்லை. அன்றைக்கு ஒரு சொல் விடாமல் சொன்னேன். உயிரோடு பார்க்க மாட்டேன் என்றதையும் சொன்னேன். அவர் ஆற்றைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தொடர்ந்து நடந்தோம்.

இனி என் கால் நோகாது, அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். ஐந்தாவது வாங்கைத் தாண்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை. ஆறாவதையும் தாண்டினேன். பின்னால் அவருடைய மூச்சு கேட்டது. பைக்குள் மருந்துக் குப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். என் வாழ்க்கையில் யாருக்கும் இவ்வளவு பெரிய கொடுமை நான் செய்ததில்லை. இன்னும் பத்து அடி, அதற்குமேல் என்னால் முடியாது, நானே விழுந்துவிடுவேன் என்று இருந்தது.

"இஞ்சரும்" என்றார்.

திரும்பினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு மூச்சு முட்டுது. நெஞ்சும் இறுகுது. நான் இருக்க வேணும்."

கூட்டிவந்து ஆறாவது வாங்கில் இருத்தி, நாக்கைத் தூக்கச் சொல்லி மருந்து அடித்தேன். கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. ஒருவர் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லக் கேட்டு இன்னொருவர் சந்தோசப்படலாமா தெரியவில்லை. நான் பட்டேன்.

படம் எடுக்கும் கூட்டம் அடுத்த இடம் தேடி எங்கள் பக்கமாக வந்தது. சேலைக்கடை அம்மா வாங்கில் இருந்த எங்களைக் கண்டு விறுவிறுவென்று வந்து, என் முழங்காலைப் பார்த்துக் குனிந்தார்.

"என்னக்கா, திரும்பவும் நோகுதோ?"

நான் வாய் திறப்பதற்கு முதல் என் கணவர் சொன்னார்: "அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை, தங்கச்சி. எனக்குத்தான் நெஞ்சு ஏலாது. இவ்வளவு நாளும் பொய் சொன்னனான்."

அந்த அம்மா நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என் கணவரின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் சனத்துக்கு முன்னால் நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.