விசாரிக்க வருபவருக்கு என்ன சொல்வது

“பிள்ளை, ஞாயிறு உங்கட வீட்டை வாறன். அவ வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பாத்துச் சொல்லும்.”

தொலைபேசியில் பேசியவர் நகரின் இன்னொரு பகுதியான வில்லரேயில் இருந்த ஒரு அன்ரி. ரொறன்ரோவில் இருந்த தன் அக்காவின் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அவ’ என்றது என் தோழியை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மூன்றரை அறை வீட்டில் நானும் அவளும் குடியிருந்தோம். குளியலறையை அரை அறையாகக் கணக்கிடுவது இந்த ஊர் வழக்கம். அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தாள். நான் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் டெக்னீஷியன்.

அவள் சாதகம் பொருந்தியாயிற்று. மிச்சம் விசாரிப்புத்தான். ஊரில் என்றால் அயலில் நாலு வீட்டுக்குப் போவார்கள். இங்கே அயல் என்று யாரும் இல்லை. கூட இருப்பவள்தான் அயல்.

அன்று, புதன்கிழமை இரவு, அவளைப் பற்றி என்ன சொல்வதென்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். அதிர்ந்து பேசமாட்டாள். நன்றாகச் சமைப்பாள். கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். ஏலக்காய் டின்னுக்குள் மாத்திரை வைத்திருப்பாள். போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை அவள் வலிப்பு வந்து சமையலறைத் தரையில் விழுந்தபோது, தலை அடிபடாமல் கீழே என் கையை வைத்திருந்தேன்.

வரிசையில் நான் சேர்க்காதது ஒன்று இருந்தது. இதே அன்ரி, இதே மாப்பிள்ளைக்கு, போன வருடம் என் சாதகத்தை வாங்கிப்போனவர். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார். உண்மையான காரணம் என் நிறம் என்று யாரோ யாரிடமோ சொன்னதாக எனக்கு வந்து சேர்ந்தது.

சோதனை அறையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி என் வயது யூதப் பெண். திருமணமானவள், எப்போதும் தலையில் துணி கட்டியிருப்பாள். நண்பகல் முதல் இரண்டு மணிவரை அவள் யாரைப் பற்றியும் குறை சொல்லமாட்டாள், கேட்கவும் மாட்டாள். அவர்களுடைய தொழுகைக்கூடத்துப் பெண்கள் சிலர் பகல் பொழுதைத் தங்களுக்குள் பங்கிட்டு, ஆளுக்கு இரண்டு மணி நேரம் இந்த விரதத்தைக் காத்தார்கள். நோயில் கிடக்கும் ஒருவருக்காக அதை நேர்ந்துகொண்டிருந்தார்கள். வந்த புதிதில் எங்கள் சூப்பர்வைசரைப் பற்றி நான் வாயெடுத்தபோது தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

“இரண்டு மணிக்குப் பிறகு வா. ஆசையோடு கேட்கிறேன்.”

“பிறகு மட்டும் பாவமில்லையா?”

“பாவம்தான். ஆனால் நான் மனுஷி. என்னால் முடிந்தது இரண்டு மணி நேரம்.”

வியாழக்கிழமை அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது கேட்டேன். “கல்யாணத்துக்காக ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவளைப் பற்றி ஒன்று எனக்குத் தெரியும். சொல்வதா, விடுவதா?”

“யாரென்று நான் கண்டுபிடிக்கும்படி சொல்லாதே,” என்றாள் முதலில். பிறகு சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். “பெரிய விஷயமென்றால், கேட்டவரிடம் மறைக்கக் கூடாது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. நீயே கண்டதாக இருக்க வேண்டும். உள்ளதைவிட ஒரு சொட்டும் கூடக் கூடாது. முதலில் அவளிடமே பேச வேண்டும். அவள் தானே சொன்னால் உனக்கு வேலையில்லை. நீ சொல்வது கேட்பவரின் நன்மைக்காக மட்டும் இருக்க வேண்டும். உனக்கு அவளோடு ஒரு கணக்கு இருந்தால் வாயைத் திறக்காதே.”

எனக்கு இது பிடித்திருந்தது. எங்கள் மேசையிலும் இதே சட்டம்தான்: முந்தின ஷிஃப்ட்காரர் சொன்னதை எழுதாதே, உன் மீட்டர் காட்டியதை எழுது. அதை அவளிடம் சொன்னேன்.

“கடைசி நிபந்தனைக்கு மட்டும் மீட்டர் இல்லை,” என்று சிரித்தாள் அவள். “என் நாத்தனாரைப் பற்றி இந்த இரண்டு மணி நேரமும் நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. என்ன செய்கிறேன் தெரியுமா? இரண்டு மணி அடித்ததும் என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

“அப்படியானால் பேசாமலே இருந்துவிடலாமே.”

“முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை’ என்றால், அதுவும் சொன்னதுதான். அதற்கு எங்களிடம் ஒரு பெயரே இருக்கிறது. புறங்கூறலின் தூசி.”

சனிக்கிழமை தோழியிடம் பேசினேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு உம்மைப்பற்றிக் கேப்பினம். வலிப்பைப்பற்றி நீரே முதல் சொல்லிவிடும்.”

“கலியாணத்துக்குப் பேந்து அவரிட்டைச் சொல்லுறன்.”

“பேந்து சொன்னா ஏமாத்தினதெண்டுதான் நினைப்பார்.”

“இப்ப சொன்னாக் கலியாணமே இல்லை!” கத்தியைப் பலகையில் வைத்தாள். “நீர் வாயைத் திறக்காட்டி ஒருத்தருக்கும் தெரியவராது. உமக்கு அவருக்காகக் கவலையோ, இல்லாட்டி உம்மட சாதகத்தைத் திருப்பி அனுப்பினவை எண்ட கோவமோ?”

“எனக்கென்ன கோவம்?” என்றேன். என் குரல் எப்போதும்போல நிதானமாகத்தான் இருந்தது. அவள் பானைகளைக் கழுவத் தொடங்கினாள். கழுவி வைத்திருந்த பானைகள்.

ஞாயிறு அவள் வேலைக்குப் போகவில்லை. அன்ரி மணி அடித்தபோது படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கட்டிலில் உட்காரும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் பேசுவதும் அவளுக்குக் கேட்கும்.

அன்ரி பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு சோபாவில் அமர்ந்தார். தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

“இஞ்சை பிள்ளை, கூடப்பிறந்தவ மாதிரிச் சொல்லும். எப்பிடி ஆள்?”

நிபந்தனைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். நானே கண்டது: சரி. கூட்டாமல் சொல்ல முடியும்: சரி. அவளிடம் பேசியாயிற்று: சரி. கடைசியில் வந்து நின்றேன். உண்மையைச் சொன்னதும் இந்த அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று புதன்கிழமையிலிருந்தே கற்பனை செய்துகொண்டிருந்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

“அன்ரி, நான் இதுக்குச் சரியான ஆள் இல்லை. போன வருசம் என்ரை சாதகத்தை நீங்கள்தான் திருப்பி அனுப்பினீங்கள். அது எனக்கு இன்னும் மனசிலை கிடக்குது. அதாலை நான் நல்லதாச் சொன்னாலும் கெட்டதாச் சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது.”

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். “அது பழைய கதை பிள்ளை.”

“எனக்குப் பழசில்லை.”

இதை ஒரு மூத்தவரிடம் சொல்லுவேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் சொல்லி முடித்ததில் ஒரு நிம்மதி இருந்தது.

அவர் விடவில்லை. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். “அப்ப ஏதோ இருக்கு. இல்லாட்டி ‘தங்கமான பிள்ளை’ எண்டு ஒரு சொல்லிலை முடிச்சிருப்பீர்.”

தூசி. நேர்மையாக நடந்ததாக நான் நினைத்த அதே நிமிடத்தில் அறை முழுவதும் அதுதான் பறந்தது. இனி வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். அன்ரி காத்திருந்தார். நான் தேநீரில் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது.

“அன்ரி, எனக்கு வலிப்பு இருக்கு,” என்றாள் தோழி, கதவு நிலையைப் பிடித்தபடி. “குளிசை போடுறன். போட்டா வராது. போன வருசம் இடையிலை விட்டனான், அப்ப வந்தது. இவதான் பாத்தவ.”

“இது ஆர் ஆருக்குத் தெரியும்?”

“டொக்டருக்கு. இவவுக்கு. இப்ப உங்களுக்கு.”

அன்ரியின் முகம் மாறத்தான் செய்தது. ஆனால் நான் கற்பனை செய்த முகம் அல்ல அது. களைத்த ஒரு முகம். ஆறிய தேநீரைக் குடித்து முடித்தார். எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார்.

“இதைப் பெடியனுக்கு நான் சொல்லேலாது. உம்மடை வாயாலைதான் சொல்லவேணும். உமக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லுறன். எடுப்பானோ தெரியாது.” வாசலில் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தை மாட்டினார்.

அவள் கோப்பைகளைக் கழுவினாள், நான் துடைத்தேன்.

“நீர் சொல்லிப்போடுவீர் எண்டுதான் நினைச்சன்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சன்.”

செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் ரிசீவரின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, ‘அவர்தான்’ என்பதுபோல என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் எங்கே நின்றாலும் எல்லாம் கேட்கும். பால் வாங்கி வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, கீழே தெருமுனையில் இருந்த, இங்கே டெப்பனர் எனப்படும் சில்லறைக் கடைக்குப் போனேன். வீட்டில் பால் இருந்தது. அது இருவருக்கும் தெரியும்.